மூன்றாவது நல்லுசாமி

— “ஏம்மா, இதுல நான் எங்க கைய வைக்கிறது?” அப்படின்னு கேட்டாருங்க்கா. அவ்வளவு சனம் நின்னுட்டிருக்கு. எனக்குக் கண்ணக் கட்டிருச்சு.

— யாரு, உங்க மேனேஜர் சாமிதுரையா?

— ஆமாங்க சுவாதிக்கா. சோளம் அடிக்கிற மிஷின் வாடகைக்கு வேணும்னு வந்தவங்க பூரா ஆபீஸ் வாசல்ல நிக்கறாங்க. நான் போட்டுக் குடுத்த ஸ்கிரீன ரொம்ப நேரம் பாத்தாரு. பாத்துட்டு அதக் கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— ஒண்ணும் சொல்லலீங்க்கா.

— ஜெயசித்ரா, நீ என்னைக்குடி வாயத் தொறந்து ஒண்ணு சொல்லிருக்க? இந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் படிக்க வந்து இவ்வளவு நாளாச்சு, உன் குரல் எப்படி இருக்கும்னு பக்கத்து சீட்டுப் பொண்ணுக்குக் கூடத் தெரியாது. சரி, பென்டிரைவக் குடு. நானே பாக்கறேன். பாரு, சிம்பிளா ஏதாவது இருக்கும்.

— இந்தாங்க்கா.

— அடக் கடவுளே.

— என்னங்க்கா?

— என்னடி இது, கோலப் போட்டியா? ரோஸ் கலர் மேல மஞ்ச எழுத்து. மூலையில ரோஜாப்பூ வேற!

— பாக்க நல்லாருக்கட்டும்னு வச்சேன்.

— கல்யாணப் பத்திரிகையா அடிக்கிற? அந்த மனுசனுக்கு என்ன வயசு?

— எங்கப்பா வயசு இருக்குங்க்கா. கண்ணாடி போட்டிருக்காரு. பாதி நேரம் அது வண்டியிலதான் கெடக்கும்.

— கண்ணாடி இல்லாத மனுசன், மஞ்ச எழுத்து. சரி, பேரு அடிக்கிறேன். ராஜா. டேப் அமுக்கறேன். பாரு, எங்க போச்சு பாரு! பேருக்கு அடுத்து ஊருக்குத்தான போகணும்? போன் நம்பருக்குப் போயிருச்சு. மறுபடியும் அமுக்கறேன். பத்தாயிரம் மைல் தாண்டித் தேதிக்குப் போகுது. தவளையா இது?

— அதாங்க்கா எனக்கும் புரியல. நான் வரிசையாத்தான் வச்சிருக்கேன். பேரு, ஊரு, நெலம், போன்.

— கண்ணுக்கு வரிசையா இருக்கு. ஆனா முதல்ல எந்தப் பொட்டியக் கொண்டாந்து வச்ச?

— பேரு. அப்புறம் போன். ஊர மறந்துபோய்ட்டேன், அதக் கடைசியில சேத்தேன்.

— அதான். நீ கொண்டாந்து வச்ச வரிசையிலதான் அது ஓடும். நம்ம கண்ணு பாக்கற வரிசை அதுக்குத் தெரியாது. இங்க டேப் ஆர்டர்னு இருக்கு பாரு, அதுல போய் நீதான் சொல்லணும். ஏன், இத நான் போன வாரமே நடத்தினேனே?

— நடத்தினீங்க. புரியலீங்க்கா.

— அப்ப கேக்கறதுதான?

— …

— கேக்கறதுதானடி? வாய்க்குள்ள கொழுக்கட்டையா? சரி விடு. இதென்ன இங்க, “சேமி” பட்டன் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு “அழி” பட்டன்?

— அதாலதாங்க்கா நேத்து பெரிய சண்ட. சார் கை தடிச்ச கை. சேமிங்கறதுக்குப் பதிலா அழிய அமுக்கிட்டாரு. ஒருத்தர் பேரே போயிருச்சு. அந்தாளு காலையில களத்துல படுதா விரிச்சுப் போட்டுட்டு மிஷினுக்குக் காத்திருந்து காத்திருந்து, சாயங்காலம் டிராக்டர் எடுத்துக்கிட்டு ஆபீசுக்கே வந்துட்டாரு. “எம்பேர எந்த நாயிடா அழிச்சது”ன்னு.

— சாமிதுரை என்ன சொன்னாரு?

— என்னையக் கையக் காட்டிட்டாரு.

— நல்ல மனுசன்.

— இல்லீங்க்கா, அப்புறம் டீ வாங்கிக் குடுத்தாரு. “நீ பொண்ணுங்கறதால அடிக்க மாட்டான்னு தெரியும், அதான் உன்னையச் சொன்னேன்”னாரு.

— சிரிக்காதடி. சரி கேளு. எல்லாத்தையும் தூக்கிப் போடு. ரோஜாப்பூ முதல்ல. வெள்ளை, கறுப்பு எழுத்து, பெருசா. அழி பட்டன் இந்தக் கடைசிக்குப் போகணும். அமுக்கினா “நெசமாவே அழிக்கணுமா”ன்னு ஒரு தடவ கேக்கணும். அவருக்குத் தேவையில்லாத பொட்டி ஒண்ணு கூட முகப்புல இருக்கக் கூடாது. ஸ்கிரீன் அழகு உனக்கு இல்ல. இந்தப் பக்கம் சேர்ல உக்காந்திருக்கற ஆளுக்கு. அந்தாளு எப்படி யோசிப்பாரோ அப்படி அது இருக்கணும். புரியுதா? புரியலைன்னா இப்பவே கேளு.

— புரியுதுங்க்கா. ஆனா நேரம் இல்லீங்க்கா. திங்கக்கெழம அரியலூர் ஹெட் ஆபீஸ்லேருந்து வராங்க. அதுக்குள்ள சரியா வரலைன்னா அவங்களே ஒரு ஆளையும் சாப்ட்வேரையும் அனுப்பிடுவாங்களாம்.

— அனுப்பினா அனுப்பட்டும். நீ வேற எடத்துல வேல பாரு. இங்க பெரம்பலூர்லயே எத்தனை கட இருக்கு.

— ஜவுளிக் கடையில போய் நின்னேங்க்கா. “வாங்கம்மா, என்ன பாக்கறீங்க”ன்னு சொல்லணும். அவ்வளவுதான். வாய் வரல. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவ திரும்பிப் போகல.

— ஸ்கூல விட்டதும் இப்படித்தானா?

— ஒன்பதாவதுல எழுந்து நின்னு படிக்கச் சொன்னாங்க. நின்னேன். பெல்லு அடிக்கிற வரைக்கும் நின்னேன். அடுத்த நாள்லேருந்து போகலீங்க்கா. இந்த வேலையிலதான் யார்கிட்டயும் பேச வேணாம். நான் பாட்டுக்கு ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு இருக்கலாம். இதுவும் போச்சுன்னா எங்கம்மாகூடப் பருத்தி எடுக்கப் போகணும். அங்கயும் பக்கத்து சாலுல நிக்கறவங்க பேசிக்கிட்டே இருப்பாங்க.

— சரி சரி, கண்ணத் தொட. மூக்க உறிஞ்சாத. மவுஸப் புடி.

*

— சார், கொண்டாந்துட்டேங்க.

— என்னாத்த?

— புது ஸ்கிரீனுங்க.

— ரோசாப்பூ இருக்கா?

— இல்லீங்க.

— அப்ப வையி. கண்ணாடி எங்க? ம், இருக்கு. பேர் அடிக்கிற பொட்டி எது?

— மேலங்க சார். பெருசா வெள்ளையா இருக்குதுங்களே.

— இதாக்கும். ரா… ஜா… அடிச்சிட்டன். இப்ப?

— டேப் அமுக்குங்க.

— எது டேப்பு? எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதி வச்சா சாமிதுரைக்கு என்ன தெரியும்?

— இடது பக்கம், ரெண்டு அம்புக்குறி போட்டிருக்குமுங்க.

— அமுக்கிட்டன். அட, ஊருக்குப் போயிருச்சு! பரவால்லயே, நேத்து மாதிரி குதிக்கல. கு… ன்… யம்மா, நான் முழுசா அடிக்கவே இல்ல, அதுவே குன்னம்னு போட்டுக்கிச்சு. இது என்னம்மா, இதுக்கு நான் நெனைக்கிறது தெரியுதா?

— முதல் எழுத்து அடிச்சா வர்ற மாதிரி வச்சிருக்கேங்க சார்.

— நல்லாருக்கு. அப்புறம்… இதென்ன செகப்பா? “பட்டா எண் கட்டாயம்.” ஏம்மா, எவன் பட்டா நம்பர மனசுல வச்சிக்கிட்டு மிஷின் கேக்க வருவான்? எங்க ஊருல பாதிப் பட்டா செத்துப்போன பாட்டன் பேர்ல கெடக்கு. அந்த நம்பரக் குடுக்காம இது என்னைய மேல விடாதா?

— ஹெட் ஆபீஸ்ல பட்டா நம்பர் வேணும்னாங்களாம்.

— அவங்க அரியலூர்ல காத்தாடிக்குக் கீழ உக்காந்துக்கிட்டுக் கேப்பாங்க. இங்க மழைக்கு மானம் கறுத்துட்டு வருது, கதிரு களத்துல கெடக்குது. “கட்டாயம்”னு எனக்கு உத்தரவு போடுதே இது! எடு அத. எங்க வூட்டுக்காரி கூட என்னைய இப்படி அதட்ட மாட்டா.

— எடுத்துடறேங்க. பின்னாடி வேணுங்கறப்ப அடிச்சிக்கலாம்.

— அது. சரி, இப்ப தேடிப் பாப்பம். நேத்து ராஜான்னு ஒருத்தன் பதிஞ்சிட்டுப் போனான். அவனுக்கு எப்ப முறை வருதுன்னு போன்ல கேக்கறான். ராஜா… தேடு. ஏம்மா.

— என்னங்க சார்?

— பந்தி வச்ச மாதிரி வந்து உக்காந்திருக்கானுங்களே, எல்லாம் ராஜா. எந்த ராஜாம்மா இவன்?

— இனிஷியல் இருக்குங்களே சார்.

— இனிஷியல எங்க பாக்கறது? இந்தா பாரு, இவன் சா. ராஜா, இவனும் சா. ராஜா, இவனும். இந்தப் பக்கம் எல்லா அப்பனும் சாமிக்கண்ணுதான். குலதெய்வத்துப் பேர ஒரு வூட்டுல வச்சா பங்காளி வூட்டுலயும் அதையேதான் வைப்பான். போன வாரம் இப்படித்தான் ஒரு ராஜாவுக்குப் பதிலா இன்னொரு ராஜா களத்துல போய் மிஷினு நின்னுது. அவன் பருத்தி போட்டவன். “சோளமே போடலியேடா”ன்னு சிரிக்கிறான். இவன் இங்க என் சட்டையப் புடிக்கிறான்.

— அப்பாரு பேரு, அவங்க அப்பாரு பேரு ரெண்டும் போட்டா?

— பாட்டன் பேரத்தானம்மா பேரனுக்கு வைக்கிறான்! சுத்திச் சுத்தி அதேதான் வரும். அட போம்மா. இது ஆவாது. எனக்கு என் மண்டையே போதும்.

— சார், உங்களுக்கு எப்படிங்க தெரியும் எந்த ராஜான்னு?

— என்னாது? சத்தமாப் பேசு, காத்துல போகுது.

— இல்ல… உங்க மண்டையில எப்படிப் பிரிச்சு வச்சிருக்கீங்கன்னு கேட்டேங்க.

— அது என்ன பெரிய வித்த? சீமெண்ண வூட்டு ராஜா. பல்லன் வூட்டு ராஜா. மிலிட்டரி வூட்டு ராஜா. இதுக்கு எதுக்கு இனிஷியலு?

— அதையே ஒரு பொட்டியா வச்சிட்டா?

— எத, பட்டப்பேரையா? வெட்டிப் போட்டுருவான்! ஒவ்வொரு வூட்டுக்கும் ஊர் வச்ச பேர் ஒண்ணு இருக்கும்மா. அந்த வூட்டுக்காரன் காதுல விழற மாதிரி எவனும் சொல்ல மாட்டான். பல்லன் வூடுன்னு ஊரே சொல்லும். பல்லன் வூட்டுக்காரனுக்கு மட்டும் அது தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருந்துக்குவான். அதப் போய் வெளியில மாட்டியிருக்கற டிவியில போட்டு, “அடுத்து பல்லன் வூடு வரவும்”னு காட்டுவியா?

— டிவிக்குப் போகாதுங்க சார். டிவியில பேரும் ஊரும் முறையும் மட்டுந்தான் வரும். பட்டப்பேர் நம்ம பக்கத்து ஸ்கிரீன்ல மட்டும். நீங்க மட்டுந்தாங்க பாப்பீங்க.

— நான் மட்டுமா?

— ஆமாங்க. நீங்க பல்லன்னு அடிச்சாலே அந்த ராஜா வந்துருவாரு.

— ஏ யம்மா! உன்னைய என்னமோ ஊமைன்னு நெனச்சன். பயங்கரமான ஆளா இருக்கியே! பல்லன்னு அடிச்சாப் போதுமா? கோழித்திருடின்னு அடிச்சா?

— யாருங்க அது?

— அத விடு, அது ஒரு கத. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. சரி, பண்ணு. நம்ம குன்னம் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்றன், அடிச்சிக்க. மத்த ஊருக்கெல்லாம் தர்மனுக்குப் போன் போடு. மிஷின் ஓட்டறவன், அவன் மிதிக்காத களம் கெடையாது. இல்ல, எங்க ஊருக்கும் அவனையே கேட்டுக்க. நான் உக்காந்து சொல்லிட்டிருந்தா வெளியில நிக்கற சனத்துக்கு யாரு பதில் சொல்றது?

— போன்லங்களா சார்?

— பின்ன, புறா விடுவியா? பேசும்மா. கடிச்சிட மாட்டான்.

*

— சுவாதிக்கா, நான் ஜெயசித்ரா பேசறேங்க.

— அட! நீயா போன் பண்ண? நெசமாவா? என்ன ஆச்சு, தீ கீ புடிச்சிருச்சா?

— இல்லீங்க்கா. தேடறப்ப பேரு, பட்டப்பேரு ரெண்டுலயும் தேடணும். நான் எழுதினதுல எத அடிச்சாலும் ஒரு பேரும் வர மாட்டேங்குது. மூணு மணி நேரமா உக்காந்திருக்கேன். அழுகையா வருது.

— பாரு, சிம்பிள். “அல்லது”ன்னு ஒண்ணு இருக்குல்ல? நீ “மற்றும்” போட்டிருப்ப. அத மாத்து.

— இருங்க… ஆமாங்க்கா. வந்துருச்சு. வந்துருச்சுங்க்கா!

— ஒரு வார்த்தை. அதுக்குப் போய் அழுதிருக்க. ஆமா, பட்டப்பேரா? அது வெளியில யாரும் பாக்க மாட்டாங்கல்ல? நல்லா யோசிச்சியா?

— யோசிச்சேங்க்கா. டிவியில வராது. பிரிண்ட் எடுத்தாலும் வராது. வெளி ஆளு வந்தா ஒரு பட்டன் அமுக்கினா மறைஞ்சிரும்.

— பரவால்லயே. இத நான் சொல்லிக் குடுக்கலயே. அத்தன பேரும் நீயே அடிச்சியா?

— தர்மன் அண்ணன் போன்ல சொன்னாரு. பின்னாடி மிஷின் ஓடுது. கத்திக் கத்திச் சொல்றாரு. நான் அடிச்சிட்டே போனேன்.

— ஏன் அந்தப் பேரு, யாரு வூடுன்னெல்லாம் கேட்டுக்கிட்டியா?

— கேக்கலீங்க்கா. சில பேரு ஒரு மாதிரி இருந்துச்சு. கேக்கலாம்னு நெனச்சேன். கூச்சமா இருந்துச்சு.

— தப்பு கிப்பு இருக்கும்டி. அவங்க வர்றதுக்கு முன்னாடி உங்க சார உக்கார வச்சு ஒரு தடவ சரி பாத்துரு. நீ அடிச்சத நீயே சரி பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும்.

— சரிங்க்கா.

*

— வாம்மா, சீக்கிரம் தொற அத. அரியலூர்லேருந்து கெளம்பிட்டாங்களாம். கம்ப்யூட்டர் ரூம்னா செருப்பு வெளியிலதான? விட்டுட்டன் பாரு, மரியாதையா. எங்க, காட்டு.

— இந்தாங்க சார். சேர் இழுத்துப் போட்டுக்குங்க.

— சீ… மெ… ஏ! ரெண்டு எழுத்துலயே வந்துட்டான் சீமெண்ண வூட்டான்! அவன் முறை எப்ப? புதங்கெழம. அவன் போன் நம்பரு இங்கயே இருக்கு. அட அட அட. இன்னொண்ணு. மி… மிலிட்டரி. வந்துட்டான். யம்மா, நான் என் மண்டைய வூட்டுலயே வச்சிட்டு வரலாம் போலருக்கே!

— நல்லாருக்குங்களா சார்?

— நல்லாருக்காவா? இந்த ஆபீசுல வேல பாக்க ஆரம்பிச்சதுலேருந்து இன்னைக்குத்தான் எனக்கு வேல தெரியற மாதிரி இருக்கு. இவ்வளவு நாளா இந்தப் பொட்டிக்கு முன்னாடி உக்காந்தாலே, பரீட்சை எழுதற மாதிரி இருக்கும். இப்ப பாரு, ஒத்த விரல்ல ஓடுது.

— அழி பட்டன அங்க கடைசியில வச்சிட்டேங்க.

— பாத்தன் பாத்தன். என் கைக்கு எட்டாத எடத்துல. வெவரமான புள்ள. கேட்டுக்க, அவங்க வந்த ஒடனே சொல்லிடுவன். வெளியில இருந்து எவனும் வேணாம், இந்தப் பொண்ணுதான் இங்க உக்காரும்னு. சோள சீசன் முடிஞ்சாலும் வெங்காய சீசனுக்கும் நீதான்.

— நெசமாவாங்க சார்?

— பின்ன?

— நான் யார்கிட்டயும் பேச வேணாங்களா?

— நீ உள்ள உக்காரு. சனத்துக்கிட்டப் பேசறதுக்கு நான் இருக்கன். கத்தறதுக்கும் நானே இருக்கன். என்னம்மா, கண்ணு கலங்குது?

— இல்லீங்க சார். தூசி.

— தூசியாம். எங்க ஆர்த்தியும் இப்படித்தான் சொல்லும்.

— யாருங்க?

— எம் பொண்ணு. இருந்திருந்தா ஒன் செட்டுதான். அதுவும் இப்படித்தான், வாயத் தொறந்து ஒண்ணு கேக்காது. பசின்னாலும் சொல்லாது. அடுப்படியில வந்து சும்மா நிக்கும், நாமதான் புரிஞ்சிக்கணும்.

— என்னாச்சுங்க சார்?

— மஞ்சக்காமால. திருச்சிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஊரே வந்து அழுதுச்சு. இன்னைக்கும் எவனாவது பாத்தா, “காமாலைக்கு நாட்டு மருந்தாவது குடுத்திருக்கலாமே”ம்பான். நானும் ஆமாம்பன். எங்க வூட்டுக்காரி இன்னும் அந்தப் பேச்ச எடுத்தா உள்ள போய்க் கதவச் சாத்திக்குவா. சரி விடு. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு. வேலயப் பாரு. இன்னும் என்ன பாக்கணும்?

— தர்மன் அண்ணன் சொன்ன ஊரெல்லாம் நான் கேக்காம அப்படியே அடிச்சிட்டேங்க. உங்கள வச்சு ஒரு தடவ சரி பாக்கச் சொன்னாங்க எங்க சென்டர் அக்கா.

— அதுக்கென்ன, பாத்துருவம். எங்க ஊரையே எடு. எங்கப்பா பேர அடிப்பம். எங்களுக்கும் பட்டா இன்னும் அவரு பேர்லதான் கெடக்கு. நல்லுசாமி. எங்க ஊர்ல மூணே மூணு நல்லுசாமிதான். ந… ல்… இந்தா, மூணும் வந்துருச்சு பாரு! ஆனா பக்கத்துல இருக்கறது பொடி எழுத்தா தெரியுதே. கண்ணாடி வண்டியிலயே கெடக்கு. நீ படி.

— நானுங்களா?

— நீதாம்மா. கள்ளன் பேரு, பல்லன் பேருன்னு சிரிக்கலாம், படி. சத்தமாப் படி, இங்க நம்மள விட்டா யாரு இருக்கா?

— முதல் நல்லுசாமி… கட்டக்கை வூடு.

— ஹஹ்ஹா! அது கெழக்கால தெரு. அவன் பாட்டன் எவனுக்கும் ஒண்ணும் குடுக்க மாட்டான், கட்டக்கை. சரியாச் சொல்லிருக்கான் தர்மன். அப்புறம்?

— ரெண்டாவது நல்லுசாமி… பாம்பாட்டி வூடு.

— அது அய்யனார் கோயில்கிட்ட. அவங்க ஆளு ஒருத்தன் ஒரு சாரைப்பாம்பப் புடிச்சிட்டு வந்து நல்லபாம்புன்னு மெரட்டுவான். ஹஹ்ஹா. மூணாவது நாங்கதான். எங்களுக்கு என்ன பேரு வச்சிருக்கானுங்கன்னு எனக்கே தெரியாது. எங்கப்பா நாடகத்துல ராஜா வேசம் கட்டுவாரு. அதையோ என்னமோ சொல்லுவானுங்க. படி படி.

— சார்… இது கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்குங்க.

— ஊர் வச்ச பேரு நல்லாவா இருக்கும்? நான் ஒண்ணும் வெட்டிப் போட மாட்டன். படிம்மா.

— தர்மன் அண்ணன் வேற யாருக்கோ சொன்னத நான்தான் மாத்தி அடிச்சிட்டேன் போலருக்குங்க. மிஷின் சத்தத்துல…

— கூச்சப்படாத. இனிமே இங்கதான உக்காரப் போற? எழுந்து நின்னு படிக்கற மாதிரி நெனச்சிக்கிட்டுப் படி.

— மூணாவது நல்லுசாமி… மருந்து குடிச்ச பொண்ணு வூடு.

— …

— நான்தாங்க மாத்தி அடிச்சிருக்கேன். அவருகிட்ட மறுபடியும் கேட்டு, உங்க வூட்டுக்கு என்ன பேருன்னு… சார், கார் சத்தம் கேக்குது. அவங்க வந்துட்டாங்க போலருக்கு. சார், எங்க போறீங்க? அவங்க கதவத் தொறக்கறாங்க, நீங்க பாட்டுக்குத் தாண்டிப் போறீங்களே. சார், செருப்பு! செருப்பு வாசல்லயே கெடக்கு…

— சார்… அது காமாலைன்னுதான சார் சொன்னீங்க?